கொலிமா நாயின் வயிற்றுக்குள்

மேற்கு மெக்சிகோவில் கொலிமா, ஹலிஸ்கோ, நயாரித் பகுதிகளின் மக்கள் ஏறத்தாழ கி.மு. 300 முதல் கி.பி. 400 வரை, கிணறுபோல் இறங்கும் நிலவறைக் கல்லறைகளில் இறந்தவர்களோடு சுடுமண் உருவங்களை வைத்தார்கள். அவற்றில் கொலிமாவின் கொழுத்த சிவப்பு நாய்களை எல்லோரும் முகத்துக்காகத்தான் ரசிக்கிறார்கள். இந்த உருவங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வயிற்றுக்குள்.

நாய் உள்ளே வெறும் கூடு. தலையிலோ வாலிலோ ஒரு திறப்பு இருக்கும். சுடும்போது நீராவி வெளியேற அதுவே வழி. சிறு விளக்கை உள்ளே விட்டால், வெளியே மெருகில் மறைந்துபோன ஒட்டுகள் விரல் தடத்தோடு அப்படியே தெரியும். கால் சேரும் இடத்தில் மண் தடிப்பு, மெதுவாகக் காயும், அதனால் விரிசல் விடும். விரிசலுக்குள் செம்மண் பூச்சு இறங்கியிருந்தால் அது குயவர் கையிலேயே விழுந்தது. விளிம்பு கூர்மையாக, பூச்சில்லாமல் இருந்தால் பின்னால் உடைந்தது.

தூக்கும்போது இரு கையும் வயிற்றின் அடியில். காது, வால், திறப்பின் கழுத்து எதையும் பிடிக்கக் கூடாது. பெரும்பாலும் ஏற்கெனவே உடைந்து ஒட்டியவை அவைதான். புறஊதா விளக்கில் பழைய அரக்குப் பசை ஆரஞ்சு நிறமாக ஒளிரும். செல்லுலோஸ் நைட்ரேட் பசை அசிட்டோனில் இளகும். பூச்சு தாங்குமா என்று மறைவான ஓரத்தில் சோதித்த பிறகே பஞ்சை வைக்க வேண்டும். மறுபடி ஒட்ட பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பசை நல்லது, வேண்டும்போது கழற்றலாம்.

மேலே உள்ள கரும்புள்ளிகள் அழுக்கல்ல, புதைந்திருந்த மண்ணிலிருந்து படிந்த மாங்கனீசு. அமிலம் போட்டால் பூச்சும் சேர்ந்து போகும். போலி செய்பவர்கள் இதை வண்ணத்தால் வரைவதுண்டு; அப்படி வரைந்தது பெரும்பாலும் கரைப்பான் பஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உடைந்த முகப்பிலும் கறை படிந்திருந்தால், மண்ணுக்குள்ளேயே உடைந்தது என்று நம்பலாம்.

கடைசியாகச் சுட்ட காலத்தை வெப்பஒளிர்வுச் சோதனை சொல்லும். தலை, உடல், கால் என்று தனித்தனியே துளையிட்டுத் தூள் எடுப்பதே சரி. பழைய துண்டுகளோடு புதுமண் சேர்த்த உருவம், ஒரே இடத்துத் தூளை மட்டும் சோதித்தால் பழையது என்று தேறிவிடும். எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் அதற்குப் பிறகுதான், அவற்றின் கதிர் வெப்பஒளிர்வுச் சோதனையின் கணக்கைக் குழப்பும்.

உள்ளே ஒட்டிய மண்ணைத் தயவுசெய்து கழுவாதீர்கள். 1993-ல் ஹலிஸ்கோவின் உயிட்சிலாபாவில் யாரும் தொடாத கல்லறை கிடைத்தது: 7.6 மீட்டர் ஆழம், 2 அறைகள், 6 பேர். அப்படிக் கிடைத்தவை மிகச் சில. மற்ற நாய்களில் பெரும்பாலானவை கொள்ளையில் வந்தவை, எந்தக் குழி என்பதே தெரியாது. அவற்றின் கல்லறையிலிருந்து மிஞ்சியிருப்பது வயிற்றுக்குள் உள்ள அந்தப் பிடி மண்தான். தனி உறையில் போட்டு, நாயின் பதிவு எண்ணை எழுதி வையுங்கள்.