மண்டபத்தில் ஒரு ரோஸ்மேரிச் செடி: ஏழு மாதக் குறிப்பு

கடந்த ஜனவரியில் கொடைக்கானலிலிருந்து திரும்பும் வழியில், ஒரு நாற்றுப்பண்ணையில் சாண் உயரமுள்ள ரோஸ்மேரிச் செடி ஒன்றை வாங்கி வந்து, பெரிய மண்தொட்டியில் நட்டு, ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் உள்ள எங்கள் வீட்டின் கிழக்குத் திண்ணையோரம் வைத்தேன். மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகளில் தானாகவே வளரும் செடி அது. அதன் பழைய லத்தீன் பெயருக்கே 'கடலின் பனித்துளி' என்று பொருள் சொல்வார்கள். ஆகவே நம் கடற்கரையும் அதற்கு ஒத்துப்போகும் என்று நம்பினேன்.

மார்ச் இரண்டாவது வாரத்தில் இலைநுனிகள் பழுப்பேறத் தொடங்கின. ஊசி போன்ற அந்த இலைகள் முதலில் நுனியில் வெளிறி, பிறகு தேயிலைத் தூளின் நிறத்துக்கு வந்து, விரல் பட்டாலே உதிர்ந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்த நாட்கள் என்பதாலும், மேல்மண் எப்போதும் காய்ந்தே இருந்ததாலும், செடிக்குத் தாகம் என்று முடிவுகட்டி, காலையும் மாலையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். ஒரே வாரத்தில் அடியிலைகள் மஞ்சளாகிக் கிளைகளும் தொய்ந்துவிட்டன. தண்ணீர் ஊற்ற ஊற்ற ஒரு செடி வாடுகிறது என்றால், அதற்குத் தண்ணீர் போதவில்லை என்பதைவிட, இருக்கிற தண்ணீரை எடுக்க வேருக்குத் தெம்பில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இதை அப்போதே உணர்ந்திருந்தால் பாதிச் செடியை இழந்திருக்க மாட்டேன்.

அடுத்த சந்தேகம் உப்பின் மீது விழுந்தது. தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளைப் பூச்சாக உப்பு பூத்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உவர். அன்று முதல் செடிக்குத் தெருக் குழாயில் வரும் காவிரிக் குடிநீரையே கொடுத்தேன். கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பார்த்ததில், ஊர்ந்து செல்லும் செம்புள்ளி எதுவும் விழவில்லை. ஆகவே சிலந்திப்பேன் இல்லை. இலையில் சாம்பல் பூத்த அடையாளமும் இல்லை. ஆனாலும் வாட்டம் நிற்கவில்லை.

தங்கச்சிமடத்தில் பல ஆண்டுகளாக மல்லிகை நாற்று போட்டு விற்கும் என் பெரியம்மாவிடம் செடியின் நிலையைச் சொன்னேன். "இலையையே பாத்துக்கிட்டிருந்தா என்னய்யா தெரியும்? தொட்டியத் தட்டிக் கவுத்து வேரப் பாரு" என்றார்.

ஏப்ரல் 6 அன்று கவிழ்த்தேன். வெளிமண் பொலபொலவென்று உதிர்ந்துவிட, நடுவில் பண்ணையில் வைத்தபடியே ஒரு கைப்பிடி தேங்காய்நார்த் தூள் உருண்டையாக அப்படியே இருந்தது. அதை லேசாக அழுத்தியதும் விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் சொட்டியது; ஊறல் போட்ட கயிற்றின் வாடை வீசியது. கறுத்த வேர் ஒன்றை இழுத்தேன்; மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. வேரழுகலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. சுற்றிலும் உள்ள மணற்பாங்கான மண் தண்ணீரை உடனே விட்டுவிட, நார்த்தூள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள, வேர்கள் காற்றில்லாமல் அழுகிக்கொண்டிருந்தன. நானோ மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். உருண்டையின் ஓரத்தில் மட்டும் விரலளவுக்குச் சில வெள்ளை வேர்கள் உறுதியாக இருந்தன.

நார்த்தூள் முழுவதையும் வாளித் தண்ணீரில் அலசி நீக்கி, அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டினேன். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் இலையற்ற முதிர்ந்த கட்டை வரை வெட்டிவிட்டால் ரோஸ்மேரி பெரும்பாலும் மறுபடி துளிர்ப்பதில்லை என்பதால், ஒவ்வொரு கிளையிலும் பச்சை இலைகளை விட்டே கத்தரித்தேன். இரண்டு பங்கு பருமனான ஆற்றுமணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு உடைத்த ஓட்டுச் சில்லு ஆகியவற்றைக் கலந்து, முன்னதைவிடச் சிறிய மண்தொட்டியில் நட்டேன். கடற்கரை மணல் வாசலிலேயே கிடந்தாலும், அதில் உள்ள உப்பை நினைத்து அதைத் தொடவில்லை. பத்து நாள் நிழலில் வைத்த பிறகே காலை வெயிலுக்குக் கொண்டுவந்தேன். உரம் எதுவும் இடவில்லை.

வெட்டிய இளந்தண்டுகளில் நல்லதாக ஒன்பதை எடுத்து, அடியிலைகளை உருவிவிட்டு, ஈரமணலில் ஊன்றினேன். ஏப்ரல் வெப்பத்தில் ஆறு கருகிவிட்டன. மூன்று மட்டும் ஜூன் முதல் வாரத்தில் வேர் பிடித்தன.

ஜூனில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் தொட்டி விரைவாகக் காய்ந்தது. இப்போது நாள் கணக்குப் பார்ப்பதில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் நன்றாகக் குறைந்திருந்தால் மட்டும், அடித்துளையில் வழியும் வரை நிதானமாக ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுகிறேன். அப்படி வழியும் தண்ணீர் மண்ணில் சேரும் உப்பையும் கழுவிக்கொண்டு போகிறது.

இன்று, ஆகஸ்ட் நடுவில், தாய்ச்செடியின் இரண்டு கிளைகள் பட்டுவிட்டாலும், மீதமுள்ள மூன்றில் நான்கு விரற்கடை நீளத்துக்குப் புதுத்தளிர் வந்திருக்கிறது. கசக்கி முகர்ந்தால் கற்பூரம் கலந்த அந்தப் பழைய மணமும் திரும்பியிருக்கிறது. அக்டோபரில் வாடை மழை பிடிப்பதற்குள், சாரல் விழாமல் காற்று மட்டும் வரும்படி மேற்கூரைக்கு அடியில் செங்கல் அடுக்கி அதற்கு ஓர் இடம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். வேர் பிடித்த மூன்று கன்றுகளில் ஒன்று பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டது.