ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு ராத்திரி

தென்னாப்பிரிக்காவில் டர்பனில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சத்தில் கேப் டவுன். நாங்கள் எட்டு நாள் எடுத்துக்கொண்டோம். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

முதல் காரணம் ஆயா. என் வீட்டுக்காரரின் பாட்டி. டர்பன் தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு அது வாயில் படியவே ஒரு வருஷம் ஆனது. முழங்கால் இரண்டும் போய்விட்டது, விமானத்துக்கு வரவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அதோடு பேத்தி கல்யாணத்துக்குக் கொடுக்க ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கு வாங்கி வைத்திருந்தார். இங்கே மணப்பெண்ணுக்கு அந்த விளக்கு கொடுக்காமல் கல்யாணமே கிடையாது. அதைச் சாமான்களோடு போட்டு எவனோ தூக்கி எறிவதா என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாவது, ஒரே வாரத்தில் இரண்டு விசேஷம். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருக்கும் நாத்தனாரின் பையனுக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் என் வீட்டுக்காரர், அவர் மடி இல்லாமல் ஊசி எடுக்க முடியாது. அடுத்த ஞாயிறு கேப் டவுனில் ஆயாவின் கடைசி மகன் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஜூலை முதல் வாரத்தில் வைத்திருந்தார்கள். நடுவில் புதன்கிழமை ஆயாவுக்கு எண்பது வயது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். நேராகப் போனால் 1,650 கிலோமீட்டர், லெனேஷியா வழியாகச் சுற்றினால் 2,000. சரி, வீட்டையே எடுத்துக்கொண்டு போவோம் என்று ஆறு பேர் படுக்கிற மாதிரி ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தோம். மொத்த எடை 3,500 கிலோவுக்குள் என்றால் சாதாரண கார் உரிமமே போதும், அதனால் அவரே ஓட்டினார்.

இந்த வண்டியைப் பற்றி யாரும் சொல்லித் தராத விஷயங்கள் சில உண்டு. தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறது என்று கொடுத்தவர்கள் சொன்னார்கள், மூயி ரிவர் தாண்டி டீ போடக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஓடும்போது அலமாரிக் கதவில் கொக்கி மாட்டாவிட்டால் தட்டெல்லாம் தலைக்கு வரும். கழிவறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது, அதை இழுத்துக்கொண்டுபோய், ராத்திரி வண்டி நிறுத்தித் தங்கும் முகாமில் அதற்கென்று இருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். அந்த வேலை யாருக்கு என்று எங்கள் வீட்டில் விவாதமே நடக்கவில்லை, ஓட்டுபவருக்குத்தான். ஆயாவுக்குப் பிரச்சினை வேறு. சமைக்கிற இடத்துக்கு மூன்றடி தள்ளிக் கழிவறை வைத்திருக்கிறார்களே, இதைக் கட்டினவனுக்கு அம்மா இல்லையா என்றார். எட்டு நாளும் பெட்ரோல் பங்குகளிலும் முகாம் கழிவறைகளிலும்தான் சமாளித்தார், ராத்திரி இரண்டு மணிக்குக்கூட என்னை எழுப்பி டார்ச் பிடிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் புளிச்சோறும் ரொட்டியும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். என்3 சாலை, முன்னாலும் பின்னாலும் லாரிகள். வான் ரீனன் கணவாய் ஏறும்போது எங்கள் வண்டி மூச்சுவாங்கி மணிக்கு ஐம்பதில் ஊர்ந்தது. ஏறி முடித்தால் எங்கள் க்வாஸுலு-நேட்டால் மாகாணம் முடிந்து ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் தொடங்குகிறது. அதுவரை தூங்கிக்கொண்டு வந்த ஆயா எழுந்து உட்கார்ந்தார்.

"இது ஹாரிஸ்மித் ரோடா?"

ஆமாம் என்றேன்.

"பெர்மிட் வாங்கியாச்சா?"

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. எனக்கே பாதிதான் தெரியும். ஃப்ரீ ஸ்டேட் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், 1891இல், இந்தியர்கள் அங்கே குடியிருக்கவோ கடை வைக்கவோ நிலம் வாங்கவோ கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தக் குடியரசு போய், தென்னாப்பிரிக்க ஒன்றியம் வந்து, அதுவும் போய் வேறு குடியரசு வந்த பிறகும் அந்தச் சட்டம் அப்படியே இருந்தது. 1980களின் நடுவில்தான் எடுத்தார்கள். அதுவரை இந்தியர்கள் அனுமதிச் சீட்டோடு அந்த மாகாணத்தைக் கடந்து போகலாம், தங்கக் கூடாது. சொந்த நாட்டுக்குள்ளே ஒரு ஊரில் ராத்திரி தூங்கினால் குற்றம்! நேட்டாலிலிருந்து, ஜோஹன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்துக்குப் போகவே அந்த நாளில் சீட்டு வேண்டும், இது அதற்கும் மேல்.

1968இல் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு கல்யாணம். தாத்தா தன் அண்ணனின் காரைக் கடன் வாங்கி ஆயாவையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எப்போதும் நியூகாசில், ஃபோல்க்ஸ்ரஸ்ட் வழியாகத்தான் போவார்களாம், ஃப்ரீ ஸ்டேட்டை மிதிக்காத வழி அது, நியூகாசிலில் சொந்தக்காரர்கள் வீட்டில் சாப்பாடும் கிடைக்கும். அந்த முறை நேரமாகிவிட்டது என்று ஹாரிஸ்மித் வழியைப் பிடித்துவிட்டார். இருட்டில் என் மாமனாருக்கு, அப்போது நாலு வயது, காய்ச்சல் ஏறி ஒரே வாந்தி. வண்டியை ஓரமாக நிறுத்தி விடியும் வரை படுக்கலாம் என்றிருக்கிறார் ஆயா. தாத்தா நிறுத்தவில்லை. பெட்ரோல் போட மட்டும் ஒரு இடத்தில் நின்றார், அங்கேயும் இறங்காதே என்றார். ஆயா தன் முந்தானையால் வாந்தியைத் துடைத்துக்கொண்டே ஃப்ரீ ஸ்டேட் முடிகிற வால் நதி வரும்வரை மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க தாத்தாவுக்குப் பயம்னு நெனச்சேன் கண்ணு. ரெண்டு நாள் பேசல அவரோட" என்றார். பிறகு ரொட்டி கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லெனேஷியாவில் நாத்தனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கார் ஷெட்டிலிருந்து கரண்ட் ஒயரை இழுத்து மாட்டினோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஏறி இறங்கிப் படியே ஆட்டம் கண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை அடித்து, மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். குழந்தை போட்ட சத்தத்தை விட என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்ட விதம்தான் எல்லாருக்கும் நினைவிருக்கும். போட்டோ இருக்கிறது, போட்டால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

கேப் டவுன் கல்யாணமும் நன்றாக நடந்தது. முதல் நாள் ராத்திரி நலங்கு, கொட்டும் மழை, ஆயா அந்த விளக்கைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தார். அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, கல்யாணம் எல்லாம் கல்யாணம் மாதிரிதான் இருக்கும். நான் சொல்ல வந்தது நடுவில் நடந்தது.

செவ்வாய்க்கிழமை லெனேஷியாவை விட்டு என்1 சாலையைப் பிடித்தோம். அன்று கோல்ஸ்பர்க் வரை போய்ப் படுப்பது என் திட்டம், கேப் டவுனுக்கு ஏறத்தாழப் பாதி வழி அது. குரூன்ஸ்டாட், வின்பர்க், புளும்ஃபொன்டைன் என்று நாள் முழுக்க மஞ்சள் புல்வெளி. ஜூலை இங்கே குளிர்காலம், மழையே இல்லாத குளிர், வானம் மட்டும் கண்ணைக் கூசும். மாலை நாலு மணிக்கு ஆயா கேட்டார்.

"கோல்ஸ்பர்க் ஃப்ரீ ஸ்டேட்டா?"

"இல்ல ஆயா, ஆரஞ்சு நதி தாண்டினா வேற மாகாணம்."

"அப்ப இந்தப் பக்கமே நிறுத்து."

என் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. நதிக்கு இந்தக் கரையில் காரீப் அணை, நாட்டிலேயே பெரிய அணை, பக்கத்தில் முகாம். வாசலில் இருந்த ஆள் ஒரு தாளை நீட்டினார். பெயர், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை இரவு. ஐந்து பேர், ஒரு இரவு என்று எழுதினோம். அனுமதியைப் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை, நாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி ஹீட்டர் போட்டும் மூக்கு நுனி உறைந்தது. காலையில் எழுந்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, குழாய்க்குள்ளேயே பனிக்கட்டியாகிவிட்டது. குடிக்க வாங்கி வைத்திருந்த பாட்டில் தண்ணீரில் டீயும், இரண்டு அடுப்பில் ஒன்றில் சேமியா பாயசமும் வைத்தேன். கற்பூரம் ஏற்றினதும் புகை மணி அலறி, பக்கத்து வண்டியில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி வெளியே ஓடி வந்துவிட்டார்கள். எண்பதாவது பிறந்தநாள் என்று சொன்னதும் அந்த அம்மாள் உள்ளே போய் ரஸ்க் டப்பா ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். ஆயா பாயசம் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் பாடினார்கள். டர்பனிலிருந்து மாமனார் போனில் கூப்பிட்டார், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார், ஆயா சொன்னார், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பத்து மணிக்கு ஒயரைச் சுருட்டிக் கிளம்பத் தயாரானோம். ஆயா போர்வையும் கம்பளித் தொப்பியுமாக வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.

"பெட்டு கல்லு மாதிரி இருக்கு, சரியாவே தூங்கல" என்றார். "இன்னொரு ராத்திரி படுத்துப் பாக்கறேன்."

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் இன்னொரு நாளுக்குப் பணம் கட்டப் போனார்.