பதிப்புரிமை நோட்டீஸ்: ஒரு சின்ன இன்ரர்நெற் கொம்பனியின் தலையிடி

ஒருவழியாக எங்கள் கொம்பனியில் பதிப்புரிமை நோட்டீஸ்கள் தேங்காமல், போகவேண்டிய வீட்டுக்குப் போகின்றன. உங்கள் லைனில் யாரோ எங்கள் படத்தைக் களவாக இறக்கினார்கள் என்று உரிமையாளர் இன்ரர்நெற் கொம்பனிக்கு அனுப்புவதுதான் இந்த நோட்டீஸ். நாங்கள் ஸ்காபரோவில் பெரிய கொம்பனியிடம் லைனை மொத்தமாக வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிற ஆட்கள். சட்டம் பார்க்கத் தனி ஆளெல்லாம் இல்லை, மோடம் பழுதென்றாலும் நான்தான், நோட்டீஸ் என்றாலும் நான்தான். இதே வேலை தலையில் விழுந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

சட்டம் இதுதான். கனடாவில் 2015 ஜனவரியிலிருந்து, வரும் நோட்டீஸை அதில் உள்ள ஐபி முகவரியில் (இன்ரர்நெற்றில் ஒரு லைனை அடையாளம் காட்டும் எண்) அப்போது இருந்த வாடிக்கையாளருக்கு அனுப்பி, அனுப்பியதை உரிமையாளருக்கு அறிவித்து, ஆளை அடையாளம் காணக்கூடிய பதிவை 6 மாதம் வைத்திருக்க வேண்டும். பெயரைக் கொடுக்கவோ லைனை வெட்டவோ தேவையில்லை. செய்யாவிட்டால் 5,000 முதல் 10,000 டொலர் வரை நட்டஈடு. செய்தால் ஒரு சதமும் கிடையாது!

எங்களுக்குப் பிரச்சினை தொடங்கியதே மேலே. எங்கள் ஐபி முகவரிகளில் ஒரு பகுதி, மொத்தமாக விற்கும் கொம்பனியின் பெயரிலேயே பதிவாகியிருந்தது. நோட்டீஸ் அவர்களுக்குத்தான் போகும். அவர்களோ வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே ஈமெயிலில் கட்டி எங்கள் பில் பார்க்கும் அக்காவுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்எம்எல் கோப்புகளோடு வந்த அந்த ஈமெயிலை அவர் திறக்கவேயில்லை, வைரஸ் என்று நினைத்திருக்கிறார், அவரில் பிழை சொல்ல முடியாது. போன் எடுத்தால் டிக்கெட் போடு என்றார்கள், டிக்கெட் போட்டால் "இது உங்கள் வாடிக்கையாளர் விடயம்" என்று எழுதி மூடிவிட்டார்கள். கடைசியில் கைகொடுத்தது ஆரின் விதி. ஆரின் என்பது இங்கே ஐபி முகவரிகளைப் பங்கிட்டுப் பதிவு வைத்திருக்கும் அமைப்பு. /29 (அதாவது 8 முகவரி) அல்லது அதைவிடப் பெரிய ஐபிவி4 (பழைய வகை ஐபி முகவரி) தொகுதியைப் பிரித்துக் கொடுத்தால், யாருக்குக் கொடுத்தோம் என்று 7 நாளுக்குள் ஆரினில் காட்ட வேண்டும். அந்த விதியை அப்படியே ஒட்டி இன்னொரு டிக்கெட் போட்டேன். அதுவரை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தவர்கள் உடனே பதில் எழுதினார்கள்! இப்போது ஆரின் பதிவில், முறைப்பாடு அனுப்பவேண்டிய இடத்தில் எங்கள் ஈமெயில் இருக்கிறது. நீங்களும் கெஞ்ச வேண்டாம், விதியைக் காட்டுங்கள்.

அடுத்தது நேரம். இதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள் என்று நினைக்கிறேன். நோட்டீஸில் உள்ள நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்), எங்கள் பதிவில் இருப்பது ரொறன்ரோ நேரம். குளிர்காலத்தில் 5 மணி வித்தியாசம், கோடையில் 4. முன்பு கொன்ராக்டில் வந்த ஒருவர் எழுதிவைத்துப் போன ஸ்கிரிப்ட் வருடம் முழுக்க 5 மணியையே கழித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் முகவரி வேறு வீட்டுக்கு மாறினால் முடிந்தது கதை. அப்படித்தான் ஒரு நோட்டீஸ் தனியாக இருக்கிற ஒரு அன்ரிக்குப் போய்விட்டது. போனில் அழாக்குறை. "தம்பி, நான் யூடியூப்பில தேவாரம் மட்டும்தான் கேட்கிறனான், பொலிஸ் வருமோ?" பதிவைத் தோண்டினால், அன்றிரவு 9.10க்கே அவருடைய மோடம் அந்த முகவரியை விட்டிருக்கிறது, டவுன்லோட் நடந்ததோ அதற்குப் பின்பு, வேறு வீட்டில். ஸ்கிரிப்டைத் திருத்தி, பழையதையெல்லாம் ஒருமுறை சரிபார்த்தோம். உங்கள் சேர்வரும் உள்ளூர் நேரத்தில் எழுதுகிறதென்றால் இன்றைக்கே யூடிசிக்கு மாற்றிவிடுங்கள்.

அதன்பிறகு, நோட்டீஸோடு எங்கள் சொந்தக் கடிதம் ஒன்றையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் சேர்த்து அனுப்புகிறோம். இது வழக்கு அல்ல, உங்கள் பெயரை யாருக்கும் கொடுக்கவில்லை, யாருக்கும் காசு கட்டவேண்டாம், வீட்டு வைஃபையை வேறு யார் பாவிக்கிறார்கள் என்று பாருங்கள், அவ்வளவுதான். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டவர்களுக்குக் கடைசி வரி உடனே விளங்கிவிடுகிறது. பதறிக்கொண்டு வரும் போன்கள் நன்றாகக் குறைந்துவிட்டன.

இன்னொரு விடயம், வருகிறதையெல்லாம் அனுப்பத் தேவையில்லை. "இந்த லிங்கில் காசு கட்டினால் விட்டுவிடுகிறோம்" என்ற பாணியில் இப்போதும் சிலது வருகிறது. 2018 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, சமரசத் தொகையோ, தனிப்பட்ட விபரமோ, அதற்கான லிங்கோ கேட்கும் நோட்டீஸ் சட்டப்படி நோட்டீஸே இல்லை. "வம்பெதற்கு, எல்லாத்தையும் அனுப்பிவிடு" என்றுதான் முதலாளி சொன்னார். பதிப்புரிமைச் சட்டத்தின் 41.25ஆம் பிரிவை அச்செடுத்துக் காட்டிய பிறகுதான் விட்டார்.

பல வீடுகள் ஒரே முகவரியைப் பங்கிடுகிற இடங்களில் போர்ட் எண் (ஒரே முகவரிக்குள் எந்த இணைப்பு என்று பிரித்துக் காட்டும் எண்) இல்லாமல் ஆளைப் பிடிக்கவே முடியாது. நோட்டீஸ்கள் பாதி அது இல்லாமலே வருகின்றன. அப்போது ஏன் அனுப்ப முடியவில்லை என்று உரிமையாளருக்கு எழுதுவது எங்கள் கடமை. எழுதினேன், அவர்கள் கொடுத்த முகவரியிலிருந்தே ஈமெயில் திரும்பி வந்தது. திரும்பி வந்ததையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீங்களும் அழிக்காதீர்கள், நாங்கள் எழுதினோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

மற்றபடி, 6 மாதம் முடிந்த பதிவுகளை நாங்கள் வைத்திருப்பதில்லை. வழக்குப் போட்டுவிட்டோம் என்று உரிமையாளர் அதற்குள் அறிவித்தால் மட்டும் ஒரு வருடம். நீதிமன்ற ஆணையோடு பெயர் கேட்டு வந்தால், அந்த ஆணைக்காகச் செய்யும் வேலையின் நியாயமான செலவைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ரொஜர்ஸ் (இன்ரர்நெற் கொம்பனி), வோல்டேஜ் (படக் கொம்பனி) வழக்கில் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை, மணிக்கு எவ்வளவு என்று மட்டும் முதலாளி இப்போதே எழுதி வைத்துவிட்டார்.