துணியில் ஒட்டிய டோப்போ ஷீட்: எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை பொருந்திவிட்டது

நேற்று இரவு பதினொரு மணிக்கு பழைய டோப்போ ஷீட்டில் (சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடத் தாள்) இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை, கணினியில் செயற்கைக்கோள் படத்துக் கரைமேல் அப்படியே போய் உட்கார்ந்தது. மூன்று மாதமாக இதற்குத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை, அதனால் சூட்டோடு எழுதிவைக்கிறேன்.

தாளின் எண் 58 கே/6. அளவு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360. மானாமதுரை அதன் கிழக்கு ஓரத்தில் வரும். எங்கள் ஊர் அதற்குத் தென்மேற்கே, ஒரு கண்மாயும் சில சின்னக் கட்டங்களுமாக இருக்கிறது. தாத்தா பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த தாள் இது. சைக்கிளில் எடுத்துப்போக வசதியாகப் பன்னிரண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டிவைத்திருந்தார்கள். மடிப்பு விழும் இடத்தில் காகிதமே கிடையாது, வெறும் துணிதான். அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கிழியாமல் இருக்கிறது. எனக்கு மூன்று மாதம் போனதும் அதே இடைவெளியால்தான்.

முதலில் முழுத் தாளையும் அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், ஐந்து நிமிட (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம்) இடைவெளியில் ஓடும் அட்ச, தீர்க்கரேகைகள் வெட்டும் பதினாறு இடங்களிலும் ஆயத்தொலைவைக் கொடுத்துப் புள்ளி வைத்தேன். சராசரிப் பிழை 40 பிக்சலுக்குக் கீழே இறங்கவே இல்லை. இந்த அளவில் ஒரு பிக்சல் என்பது தரையில் ஏறக்குறைய 2.7 மீட்டர், ஆக நூறு மீட்டருக்கு மேல் பிசகு. உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் பாலிகோனிக் வீழலால் வரும் வளைவோ என்று சந்தேகப்பட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அட்சரேகையில், கால் பாகை அகலத் தாளுக்கு, அது மொத்தமே இரண்டரை மீட்டர்தான் வருகிறது. ஒரு பிக்சல்கூட இல்லை.

படத்தை வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்லைன் முறையைப் போட்டால் பிழை பூஜ்யம் என்று காட்டும். அதை நம்பவே கூடாது. வைத்த புள்ளியில் மட்டும் ரப்பர் மாதிரி இழுத்து ஒட்டிவிட்டு, நடுவில் இருக்கும் ஊரை எங்கேயோ தள்ளிவிடும். எங்கள் கண்மாய் அதில் கோணிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் அந்த வழியை விட்டேன்.

சரி, பிழை எங்கிருந்து வருகிறது? வடகிழக்கு மூலையில் மானாமதுரைக்குப் போகும் ரயில் பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. துணி இடைவெளியைத் தாண்டும் இடத்தில் பாதை படிக்கட்டு மாதிரி ஒரு பக்கம் விலகி நிற்கிறது. இடைவெளி 2 மில்லிமீட்டர். தரையில் அது 127 மீட்டர்! இப்படி மேற்கிலிருந்து கிழக்கே போனால் மூன்று இடைவெளி, வடக்கிலிருந்து தெற்கே போனால் இரண்டு.

அப்புறம் ஒவ்வொரு துண்டையும் வீட்டு ஸ்கேனரில் தனித்தனியாக எடுத்து, கிம்ப் என்ற பட மென்பொருளில் தனித்தனி லேயராக்கி, நகர்த்தி ஒட்ட ஆரம்பித்தேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெட்டுக்கு நேர் குறுக்காகப் போகும் கோடு, துண்டு மேலே கீழே விலகியிருப்பதை மட்டும்தான் காட்டும். இடைவெளி மூடிவிட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு தூரம் தள்ளினாலும் கோடு நேராகவே தெரியும். சாய்வாக வெட்டைத் தாண்டும் கோடு ஒன்றும் கூடவே வேண்டும். எனக்கு அந்த ரயில் பாதையும், வைகையிலிருந்து பிரியும் ஒரு கால்வாயும் கைகொடுத்தன.

எழுத்துகள் அதைவிட உதவின. ஓர் ஊர்ப் பெயரில் ஆங்கில ‘ஓ’ சரியாக வெட்டில் மாட்டிப் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக இருந்தது. இரண்டு பாதியையும் நெருக்கினால் முதலில் முட்டை வடிவம் வரும், அதிகம் நெருக்கினால் நசுங்கிப்போகும், பக்கத்து ‘ஓ’வைப் போலவே வட்டமாக வரும் இடத்தில் நிறுத்தவேண்டும். காகித ஓரம் நைந்து உதிர்ந்திருப்பதால் விளிம்போடு விளிம்பை ஒட்டக் கூடாது. ஏழெட்டு பிக்சல் வெள்ளையாக விட்டால்தான் சரியாக வருகிறது.

கிழக்குப் பாதியின் ஆறு துண்டுகள் முடிந்தன. எட்டுப் புள்ளி, பாலினோமியல் 1 (படத்தை வளைக்காமல் ஒரே சீராக நகர்த்தி, திருப்பி, இழுக்கும் முறை), சராசரிப் பிழை 4 பிக்சல். இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தாளுக்கு அடிப்படையான பூமி வடிவக் கணக்கை, அதாவது எவரெஸ்ட் நீள்கோளத்தை, மறந்துவிடாதீர்கள். தாளின் ஆயத்தொலைவுகளை அப்படியே இன்றைய ஜிபிஎஸ் கணக்காக எடுத்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் ஊர் முழுக்கத் தென்கிழக்கே 200 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். நான் கல்யாண்பூர் 1975 என்ற இந்திய ஆயத்தொலைவு முறையை வைத்து, அதை ஜிபிஎஸ் கணக்குக்குக் கொண்டுவர 295, 736, 257 (மூன்று அச்சுகளிலும் நகர்த்தும் அளவு, மீட்டரில்) என்ற மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

சரிபார்க்கச் சாலைகளை எடுக்காதீர்கள். வண்டித்தடம் தார்ச்சாலை ஆனபோது வளைவெல்லாம் மாறிவிட்டது. கண்மாய்க் கரையின் முனைகளும் மடைகளும்தான் நம்பகம். கரையின் தென்முனைக்கு அருகே ஒரு சின்னக் குறி இருந்தது. கலுங்கு (மிகுநீர் வழியும் இடம்) என்று நினைத்து ஊரில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். “அது கலுங்கு இல்லப்பா, பழைய மடை. தூத்துட்டாங்க. கல்லு இன்னும் கிடக்கு, வா காட்டுறேன்” என்று கூட்டிப்போனார். சீமைக்கருவேலத்துக்கு நடுவே இரண்டு கல்தூண்கள். கைபேசியில் எடுத்த புள்ளிக்கும் தாளில் இருக்கும் குறிக்கும் 14 மீட்டர்தான் வித்தியாசம்!

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய 1:50,000 திறந்த வரிசைத் தாள்களை சர்வே ஆஃப் இந்தியா தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்க ராணுவத்தின் யு502 என்ற வரைபட வரிசை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசம், ஆனால் 1:2,50,000 அளவில் எங்கள் ஊர் ஒரு புள்ளிதான்.

அடுத்து, இந்திய அட்லஸ் என்ற பழைய வரைபடத் தொகுப்பில், மைலுக்குக் கால் அங்குலத் தாள் ஒன்றில் கைவைக்க ஆசை. அதில் வேறொரு சிக்கல். அந்தக் காலத்துத் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்துக்கு அப்போது வைத்திருந்த மதிப்பைச் சார்ந்தவை, 2 நிமிடம் 27 விநாடி கழிக்கவேண்டும். கழிக்காவிட்டால் எல்லாம் கிழக்கே நாலரை கிலோமீட்டர் போய்விடும்.

அதற்கு முன்னால் மேற்குப் பாதி பாக்கி. அதில் ரயில் பாதையும் இல்லை, வெட்டில் மாட்டிய எழுத்தும் ஒன்றே ஒன்றுதான், ஆங்கில ‘ஐ’. செங்குத்துக் கோடு என்பதால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. எங்கள் பக்கம் தட்டை நிலம், 50 அடிச் சம உயரக் கோடு தாளில் ஒன்றிரண்டுதான் ஓடுகிறது. அதில் ஒன்று ஐந்தாம் துண்டின் வெட்டைச் சாய்வாகத் தாண்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து தொடங்குகிறேன்.