செட்டிநாட்டுப் பாதைகளுக்குச் சைக்கிள் டயர்: தேர்ந்ததும் ஓட்டிப் பார்த்ததும்

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று சைக்கிளில் சுற்றுகிறவருக்கு ஒரே காலையில் மூன்று வகைத் தரை வாய்த்துவிடும். திருமயம் செல்லும் பெருஞ்சாலை வழவழப்பான தார். ஊர்களை இணைக்கும் கிளைச்சாலைகளில் தார் ஓரம் பெயர்ந்து சல்லி தெரியும். அதையும் விட்டு இறங்கினால் செம்புறைச் சரளை கொட்டிய கிராவல் பாதையும், கண்மாய்க் கரையும், மாட்டுவண்டித் தடமும்தான். என் பயணங்களில் ஏறக்குறையப் பாதித் தொலைவு தார், மீதியில் பெரும்பங்கு கிராவல், எஞ்சியது செம்மண். இந்தக் கலவைக்கு எந்த டயர் பொருந்தும் என்று மாசி மாதம் தொடங்கி மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. என் சைக்கிளில் இருப்பது 700சி ரிம். டயரின் விளிம்பு உட்காரும் விட்டம் 622 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் 28 x 1½ டயர் பழைய பெரிய சைக்கிள்களுக்கானது. அதன் விட்டம் 635 மி.மீ. கடையில் இரண்டையும் 28 அங்குலம் என்றே சொல்வதுண்டு, ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றொன்று பொருந்தாது. ஆகவே டயரின் பக்கவாட்டில் 40-622 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். அச்சிட்ட அகலமும் முடிந்த முடிவல்ல: ரிம்மின் உள்ளகலம் குறைவாக இருந்தால் 40 என்று போட்ட டயர் காற்றடித்தபின் ஓரிரு மி.மீ. குறைவாகவே அளக்கும், அகலமான ரிம்மில் சற்று விரியும்.

சைக்கிளோடு வந்தவை 32 மி.மீ. வழவழப்பான டயர்கள். தாரில் அவற்றைக் குறை சொல்ல இடமில்லை. கிராவலில் இறங்கியதும் கைப்பிடி அதிரத் தொடங்கும். அதிர்வைக் குறைக்கக் காற்றை இறக்கினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டைகள் விழும். அகலம் போதாத டயரில் காற்றைக் குறைக்கவும் வழியில்லை, கூட்டவும் மனம் வராது.

அடுத்து 40 மி.மீ. அகலத்தில், உயர்ந்த பட்டன்கள், அதாவது மேற்பரப்பில் புடைத்து நிற்கும் ரப்பர் முனைகள், இடைவெளி விட்டு அமைந்த டயர்களைப் போட்டேன். கரடுமுரடான பாதைக்குப் பட்டன் டயர்தான் சரி என்பது பலரும் சொல்லும் யோசனை. ஈரம் காயாத செம்மண் தடத்தில் அது உண்மையும்கூட. பட்டன்கள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கின்றன, ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்குவதில்லை. கிராவலில் மட்டும் நான் எதிர்பார்த்த பிடிப்புக் கிடைக்கவில்லை. காரணத்தை அறியப் பாதையில் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. செம்புறைச் சரளை கொட்டி ரோலர் ஓட்டிய பாதையில் அடிப்பரப்பு வெயிலில் இறுகிச் சிமெண்டுத் தளத்தைப் போலக் கெட்டிப்பட்டிருக்கிறது. அதன்மேல் சுண்டைக்காய் அளவுள்ள உருண்டைக் கற்கள் ஒட்டாமல் கிடக்கின்றன. பட்டன் இறங்குவதற்கு அங்கே மண்ணே இல்லை. கல்மேல் ஏறும் டயரைக் கல்லே உருட்டிக்கொண்டு போகிறது. இத்தகைய தரையில் பிடிப்பைத் தருவது பட்டனின் உயரமன்று. டயர் எவ்வளவு அகலமாகத் தரையில் படிகிறது, கல்லைச் சுற்றி எவ்வளவு எளிதாக வளைந்து கொடுக்கிறது என்பவையே. தாரிலோ அந்த உயர்ந்த பட்டன்கள் ஒவ்வொன்றும் மடங்கி நிமிர்வதில் உழைப்பு வீணாகிறது, ஓசையும் எழுகிறது. பாதித் தொலைவு தாராக இருக்கும்போது அந்த இழப்பு சிறியதன்று.

டயரைவிடக் காற்றழுத்தமே பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்று எனக்கு உறுதியானது ஒரு சோதனையில்தான். கண்மாய்க் கரையிலிருந்து கிராவல் பாதைக்கு இறங்கும் சரிவு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மேலே ஒரே இடத்திலிருந்து மிதிக்காமல் சைக்கிளை உருளவிட்டு, அது நிற்கும் இடத்தில் ஒரு செங்கல் துண்டை வைத்தேன். காற்றில்லாத விடியற்காலையில், அதே டயரில் 55, 45, 38, 32 பிஎஸ்ஐ என்று அழுத்தத்தை மட்டும் மாற்றினேன். மிகக் குறுகிய தொலைவில் நின்றது 55தான். 38இல் சைக்கிள் நெடுந்தொலைவு சென்றது. கல்லென்று இறுகிய டயர் ஒவ்வொரு சரளைக்கல்லிலும் ஏறி இறங்கும்போது சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னே செல்ல வேண்டிய விசை அந்தக் குலுக்கலில் கரைந்துவிடுகிறது. சற்று இளகிய டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு சமமாக உருள்கிறது. 32இல் தொலைவு பெரிதாகக் குறையவில்லையெனினும் பெரிய கல்லில் ரிம் இடிபடும் ஓசை கேட்டது, டியூப் போட்ட டயருக்கு அது ஆபத்து. அதே டயரைத் தார்ச்சரிவில் விட்டபோது 55க்கும் 45க்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இவை என் எடை 75 கிலோ, டயர் 40 மி.மீ. என்ற நிலைக்கு உரிய எண்கள். எடை கூடினால் அழுத்தமும் கூட வேண்டும், அகலம் கூடினால் குறைய வேண்டும். உடல் எடையில் பெரும்பகுதியைப் பின்சக்கரம் தாங்குவதால் முன்சக்கரத்தில் மூன்று நான்கு பிஎஸ்ஐ குறைத்தே வைக்கிறேன். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து இந்த வேறுபாட்டை அறிய இயலாது. அளவுமானி உள்ள பம்பு ஒன்று வாங்குவது இரண்டாவது ஜோடி டயர் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். காலையில் 28 டிகிரி வெப்பத்தில் 40 பிஎஸ்ஐ வைத்த டயர், சித்திரை வெயிலில் நிறுத்தியிருந்து 55 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 45 ஆகிவிடும். ஆகவே கோடையில் புறப்படும்போதே இரண்டு பிஎஸ்ஐ குறைத்து வைப்பது நல்லது.

இனி முள். நம் பக்கத்தில் டயர் தேர்வை முடிவு செய்வது பாதி இதுதான். சீமைக் கருவேலை கண்மாய்க்குள்ளும் கரையிலும் அடர்ந்து நிற்கிறது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி இழுத்துச் செல்லும்போது காய்ந்த கிளைகள் தடத்தில் உதிர்கின்றன. அதன் முட்கள் கணுவில் இரண்டிரண்டாக நிற்கும். கிளை எப்படி விழுந்தாலும் ஏதேனும் ஒரு முள் மேல்நோக்கியே இருக்கும். புல் படர்ந்த ஓரங்களில் நெருஞ்சி வேறு. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் சொன்ன யோசனையை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்: “தம்பி, முள்ளப் பிடுங்குன கையோட டியூப ஒட்டிட்டுக் கிளம்பிடாதீங்க. டயரோட உள்பக்கத்தத் துணி வச்சு ஒரு சுத்துத் தடவிப் பாருங்க, முனை ஒடிஞ்சு அங்கயே நிக்கும்.” துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே முனை இருக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

இந்த முள்ளுக்காகவே டியூபை நீக்கிவிட்டு டியூப்லெஸ் முறைக்கு மாறினேன். உள்ளே ஊற்றும் பால்போன்ற அடைப்புத் திரவம் முள் போட்ட சிறு துளையைச் சக்கரம் சுற்றும்போதே மூடிவிடுகிறது. நசுங்க டியூப் இல்லாததால் அழுத்தத்தை மேலும் சற்றுக் குறைக்கவும் முடிகிறது. இதற்கு ரிம்மும் டயரும் டியூப்லெஸுக்கென்று செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். நம் வெப்பத்தில் திரவம் விரைவில் உலர்ந்துவிடுவதால், கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் பார்த்து ஊற்ற வேண்டும். செம்புறைக்கல்லின் கூரிய முனை பக்கச்சுவரைக் கிழித்தால் திரவத்தால் அடைக்க இயலாது. அதனால் பக்கச்சுவரில் பாதுகாப்புத் துணி வைத்த டயரையே எடுத்தேன், மாற்று டியூப் ஒன்றையும் பையில் வைத்திருக்கிறேன். கிராமத்துக் கடைகளில் உள்ள காற்றுக்குழாய் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது. அதற்கான சிறிய பித்தளை மாற்றி ஒன்றையும் வால்விலேயே திருகி வைத்துவிட்டால் தேட வேண்டியதில்லை.

ஆடி மாதத்திலிருந்து ஓடுவது இந்த ஏற்பாடுதான்: இரண்டும் 40 மி.மீ.; முன்னால் தாழ்ந்த சிறு பட்டன்கள் நெருக்கமாக அமைந்த டயர், பின்னால் நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் மட்டும் பட்டன்களுடனும் இருக்கும் டயர். பின்சக்கரம் வழுக்கினால் உடலைச் சற்று நகர்த்திச் சமாளிக்கலாம். வாரியைக் கடக்கும் இடத்து மணலிலோ வளைவிலோ முன்சக்கரம் வழுக்கினால் விழுவதைத் தவிர வேறில்லை. எடையைத் தாங்குவதும் மிதிக்கும் விசையைத் தரைக்குக் கடத்துவதும் பின்டயர் என்பதால் விரைவில் தேய்வதும் அதுவே, தாரில் எளிதாக உருள வேண்டியதும் அதுவே. முன்னும் பின்னும் ஒரே டயர் போட வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு குறை தெரிந்தது. கண்மாய்க்குள் வண்டல் மண் பின்டயரில் அப்பிக்கொண்டு, சட்டத்துக்கும் டயருக்கும் இடையே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்தியது. வழவழப்பான டயரானாலும் பட்டன் டயரானாலும் வண்டலில் நிலை ஒன்றுதான்; டயருக்கு இருபுறமும் உள்ள இடைவெளியே இங்கே முக்கியம். என் சட்டத்தில் பக்கத்துக்கு 6 மி.மீ. இருக்கிறது, அது போதவில்லை. ஆகவே பின்டயர் தேய்ந்ததும் அதே வகையில் 38 மி.மீ. போட்டு, அழுத்தத்தை இரண்டு பிஎஸ்ஐ கூட்டி ஓட்ட இருக்கிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் (ஃபோர்க்) இடம் தாராளமாக இருப்பதால் அங்கே 43 மி.மீ. வரை போகலாம் என்று அளந்து வைத்திருக்கிறேன்.