டிக்ட்டிலிருந்து ஒரு கிளாஸ்: மாற்றி எழுதிய மெத்தட் எங்கே எட்டவில்லை

‘கொடி’ என்ற சொல்லைப் பைத்தானில் இரண்டு விதமாக வைத்திருக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக இருந்தால் நீளம் 4, தனித்தனியாக வந்தால் 5. திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் டிக்ட்டுக்கு (ஒவ்வொரு கீக்கும் ஒரு மதிப்பை வைத்திருக்கும் டேட்டா வகை) இவை இரண்டு கீ; சொற்களை எண்ணினால் ஒரே சொல் இரண்டு வரியில் வந்து நிற்கும்.

யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் மூலம் கீயை என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றினால் சரியாகிவிடும். அந்த வேலையை டிக்ட்டே பார்த்துக்கொள்ளட்டும் என்று அதிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து, சதுர அடைப்பில் மதிப்பு கொடுக்கும்போது ஓடும் செட்ஐட்டம் மெத்தடை (பெயரின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு) மாற்றி எழுதலாம். உள்ளே கீயைச் சீராக்கி, சூப்பர் வழியாக மூல மெத்தடுக்கு அனுப்ப வேண்டும். சூப்பருக்குப் பதில் செல்ஃப்பிலேயே (அதே ஆப்ஜெக்டிலேயே) சதுர அடைப்பு போட்டால், மெத்தட் தன்னையே கூப்பிட்டுக்கூப்பிட்டு ரிகர்ஷன்எரரில் போய் நிற்கும்.

சதுர அடைப்பில் மதிப்பு கொடுத்தால் கீ சீராகிறது. பல கீகளை ஒன்றாகச் சேர்க்கும் அப்டேட் வழியாகக் கொடுத்தால் 5 நீளக் கீ அப்படியே உள்ளே போய்விடுகிறது. கீ இல்லாதபோது மட்டும் சேர்க்கும் செட்டிஃபால்ட்டிலும், ஆப்ஜெக்டை உருவாக்கும்போது தரும் தரவிலும் இதே கதைதான். எரர் வராது என்பதுதான் பெரிய தொல்லை.

சீபைத்தானில் (வழக்கமாக நாம் பயன்படுத்தும் பைத்தான்) டிக்ட் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் அப்டேட், நம் செட்ஐட்டத்தைக் கூப்பிடாமல் நேரே ஹாஷ் டேபிளில் எழுதிவிடும். தாய் கிளாஸ் தன் மெத்தடுகளைச் செல்ஃப் வழியாகக் கூப்பிட்டால்தான் சேய் கிளாஸில் மாற்றியது செல்லும்.

அதனால் கலெக்ஷன்ஸ் மாட்யூலின் யூசர்டிக்ட்டிலிருந்து (டிக்ட் போலவே நடக்கும், பைத்தானிலேயே எழுதிய கிளாஸ்) எடுப்பது மேல். அதன் அப்டேட், செட்டிஃபால்ட் இரண்டும் அதன் தாய் கிளாஸான மியூட்டபிள்மேப்பிங்கிலிருந்து வருபவை. இரண்டும் செட்ஐட்டம் வழியாகவே எழுதும். அதோடு கெட்ஐட்டம் (எடுப்பது), கன்டெயின்ஸ் (இருக்கிறதா என்று பார்ப்பது), டெல்ஐட்டம் (அழிப்பது) மூன்றையும் மாற்ற வேண்டும். டெல்ஐட்டத்தை விட்டால், மதிப்பைத் தந்துவிட்டுக் கீயை நீக்கும் பாப் விநோதமாக நடக்கும்: மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டு, அழிக்கும் இடத்தில் கீஎரர் கொடுக்கும். டிஃபால்ட் கொடுத்திருந்தாலும் அந்த எரர் வரும்.

இதற்கு விலையும் உண்டு. யூசர்டிக்ட், டிக்ட்டின் வாரிசு இல்லை. அதை ஜேசன் எழுத்தாக மாற்றும் ஜேசன் டம்ப்ஸ் டைப்எரர் கொடுக்கும். அங்கே உள்ளிருக்கும் டேட்டா என்ற டிக்ட்டை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு டிக்ட்டை உள்ளே சேர்க்க பைத்தான் 3.9-இல் வந்த |= குறியீட்டிலும் கவனம் தேவை. யூசர்டிக்ட்டிலும் அது செட்ஐட்டத்தைத் தொடாமல் டேட்டாவுக்குள் நேராக எழுதுகிறது. |= கூப்பிடும் ஐஓஆர் மெத்தடையும் (இதற்கும் இருபுறமும் இரட்டை அடிக்கோடு) மாற்றி, உள்ளே அப்டேட்டைக் கூப்பிட்டு, கடைசியில் செல்ஃப்பை ரிட்டர்ன் செய்ய வேண்டும். ரிட்டர்ன் விட்டுப்போனால் வேரியபிளில் ‘None’ (மதிப்பு எதுவும் இல்லை) மட்டும்தான் மிஞ்சும்.