அந்த வண்டி யாருக்குச் சொந்தம்?

"அந்தத் தள்ளுவண்டிப் படத்தைத் தொடும்மா" என்றேன். மிக்ஸி ஜாருக்காக அம்மா செல்பேசியை அரை மணி நேரமாகத் துழாவிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டிக்கும் ஒரு காலத்தில் சொந்தம் கொண்டாடினார்கள்.

அமெரிக்காவில் சோவரெய்ன் என்றொரு நிறுவனம். இணையக் கடையில் பொருட்களைச் சேர்த்து வைத்து மொத்தமாகப் பணம் கட்டும் முறைக்குத் தன்னிடம் பேட்டன்ட் இருக்கிறது என்று வழக்குப் போட்டது. 2005-ல் அமேசானே 4 கோடி டாலர் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது.

அதே வழக்கு பாய்ந்த நியூஎக் என்ற இணையக் கடையோ மசியவில்லை.

1994-ல் விண்ணப்பித்த பேட்டன்ட் அது. ஆனால் 1980களிலேயே கம்ப்யூசர்வ் என்ற பழைய கணினி வலைச் சேவையின் மாலில் ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டினால் பொருள் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். அப்புறம் 'செக்அவுட்' என்று தட்டினால் போதும். இதைத்தான் நியூஎக் சாட்சியோடு சொன்னது. டெக்சாஸ் நீதிபதியோ, ஜூரிகள் குழம்பிவிடுவார்கள் என்று சொல்லி, இது எளிதில் தோன்றக்கூடியதுதானா என்ற கேள்வியை அவர்களிடம் விடவே இல்லை! 2010-ல் 25 லட்சம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு.

2013 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமைகளைச் செல்லாது என்றது. யாருக்கும் எளிதில் தோன்றக்கூடிய விஷயம்தான் என்பது காரணம்.

உண்மையான கண்டுபிடிப்புக்குப் பாதுகாப்பு வேண்டும், சரி. ஆனால் நியூஎக்கிடம் ஆறு வருடம் வழக்காடப் பணம் இருந்தது. இதே நோட்டீஸ் ஒரு சின்னக் கடைக்கு வந்திருந்தால்? நியாயம் தன் பக்கம் இருந்தும், வக்கீல் செலவுக்குப் பயந்தே கேட்டதைக் கொடுத்திருக்கும். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.